இடைவேளையில் ஓடலாமா? ஒரு பள்ளியின் முன்னுள்ள நான்கு வழிகள்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் சென்ற மாதம் மதிய உணவு இடைவேளையில், ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓடிப்பிடித்து விளையாடும்போது அடிகுழாய் மேடையின் பெயர்ந்த விளிம்பில் கால் இடறி விழுந்தான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், இனி இடைவேளைகளில் எவரும் ஓடக் கூடாது என்றும், சாப்பிட்டு முடித்தவர்கள் வகுப்புவாரியாக வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்குவதா, வேறு ஏற்பாடு செய்வதா என்று பள்ளி மேலாண்மைக் குழு வருகிற வெள்ளிக்கிழமை முடிவெடுக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவின்படி, இக்குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும் பாதி இடத்தைப் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறது. ஆகவே தலைமையாசிரியர் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக்கூடிய முடிவு அன்று இது. பெற்றோர் உறுப்பினர் என்ற முறையில், கூட்டத்துக்கு முன் நான் பார்த்ததையும் படித்ததையும் யோசித்ததையும் எழுதி வைக்கிறேன். இதே கேள்வி இன்னும் பல பள்ளிகளில் எழுந்திருக்கும்.

எங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போதுள்ள தடையை அப்படியே தொடர்வது ஒன்று. ஆசிரியரின் விசிலுக்குக் கட்டுப்பட்ட விளையாட்டுகளை மட்டும் அனுமதிப்பது இன்னொன்று. நியூசிலாந்தில் சில பள்ளிகள் செய்து பார்த்ததுபோல் விதிகளைப் பெருமளவு எடுத்துவிடுவது மூன்றாவது. மைதானத்தைச் சீர்செய்து, நேரத்தைப் பிரித்து, அதன் பிறகு பிள்ளைகளைத் தங்கள் விருப்பப்படி விளையாட விடுவது நான்காவது. நான் நான்காவது வழியின் பக்கம் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிகள் மிகையான எச்சரிக்கையோடு இருக்கின்றனவா என்று கேட்டால், எச்சரிக்கை தவறான இடத்தில் குவிந்திருக்கிறது என்பதே என் பதில். பிள்ளையின் காலைக் கட்டிவிட்டோம்; கால் இடறிய மேடை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

வழிகளை எடைபோடும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2024 ஜனவரியில் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, குழந்தை தானே கண்டு, தானே அளந்து, செய்யலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கக்கூடிய இடரையும், குழந்தையின் கண்ணுக்கோ அறிவுக்கோ எட்டாத கேட்டையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. வேப்பமரத்தின் இரண்டாவது கிளைக்கு மேல் ஏறலாமா என்பது முதல் வகை. ஏறுகிற பிள்ளை ஒவ்வோர் அடியிலும் அதை யோசித்துக்கொண்டுதான் ஏறுகிறது, பயம் வந்தால் இறங்கிவிடுகிறது. அந்தக் கிளை உள்ளே உளுத்திருப்பது இரண்டாம் வகை. நார்வேயைச் சேர்ந்த எல்லன் சாண்ட்செட்டர் 2007-இல் குழந்தைகளின் துணிச்சல் விளையாட்டை உயரம், வேகம், கூரிய கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணுக்கு எட்டாமல் மறைந்து திரிதல் என்று ஆறாகப் பகுத்தார். நம் ஓடிப்பிடித்தல், பச்சைக் குதிரை, கல்லா மண்ணா, கண்ணாமூச்சி எல்லாம் இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடும். தெரிந்த இடரைப் பிள்ளையிடம் விட்டுவைத்துத் தெரியாத கேட்டைப் பெரியவர்கள் அகற்றுவதே முறை. எங்கள் பள்ளியில் இது தலைகீழாக நடந்திருக்கிறது.

இனித் தடைக்கு வருவோம். அதை ஆதரிப்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஒரு குழந்தை விழுந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். பெற்றோர் கூட்டமாக வந்து நிற்பார்கள், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், செய்தியாளர் கேமராவோடு வாசலில் நிற்பார். ஓடாமல் உட்கார்ந்திருந்த ஒரு வருடத்துக்காக எந்தப் பெற்றோரும் வந்து சண்டை போட்டதில்லை. உட்கார்ந்தே இருப்பதால் வரும் நட்டம் பத்து வருடம் கழித்துத் தெரிவது. முறிந்த மணிக்கட்டு அன்று மாலையே தெரிவது. இந்த நிலையில் இருக்கும் ஒருவர் ஓட்டத்துக்குத் தடை போடுவதில் வியப்பில்லை. தடைக்குச் செலவில்லை, கூடுதல் ஆள் வேண்டாம், மறுநாளே நடைமுறைக்கு வந்துவிடும். முதல் வாரத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை என்று ஆசிரியர்கள் சொன்னதும் உண்மைதான்.

ஆனால் தடை வந்து இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மதியம் நான் பள்ளிக்குப் போய் முழு இடைவேளையும் இருந்து பார்த்தேன். சத்துணவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்த பிள்ளைகள் முதல் 10 நிமிடம் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் தண்ணீர் குடிக்க, கழிப்பறைக்குப் போக என்று இருவர் மூவராக எழுந்தார்கள். கழிப்பறைக்குப் பின்னால், மதில் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஆறடி அகலமுள்ள சந்து ஒன்று இருக்கிறது. அங்கே கத்தாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓடிப்பிடித்து நடந்தது. மாடிப்படியில் மூன்று படி, நான்கு படி தாண்டிக் குதிக்கும் பந்தயம் நடந்தது. திறந்த வெளியில் ஆசிரியர் கண்முன் ஓடிய பிள்ளைகளைச் சிமெண்டுப் படிக்கும், ஆள் பார்வை படாத சந்துக்கும் அனுப்பியிருக்கிறோம். உட்கார்ந்தே இருந்தவர்கள் பெரும்பாலும் சிறிய வகுப்புப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும்தான். சொன்னதைக் கேட்டவர்களுக்குத்தான் தண்டனை.

தடையால் போவது என்ன என்று கணக்குப் பார்க்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது, மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது. எங்கள் பள்ளியில் காலை 10 நிமிடம், மதியம் 50 நிமிடம், பிற்பகல் 10 நிமிடம் இடைவேளை. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் போனது போக 35, 40 நிமிடம் மிஞ்சும். மாலை டியூஷனுக்குப் போய், இரவு செல்போனோடு உட்காரும் பிள்ளைக்கு அந்த 40 நிமிடம்தான் அன்றைய ஓட்டம் முழுவதும். உடற்கல்விப் பாடவேளை வாரத்துக்கு ஓரிரு முறைதான். அதையும் தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தைவானின் தென்பகுதியில் அருகருகே இருந்த இரண்டு தொடக்கப் பள்ளிகளில் 2009-2010 காலத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் அனைவரையும் வகுப்பறையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். மற்றதில் வழக்கப்படி விட்டார்கள். ஒரு வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் முதல் பள்ளியில் 8.41 சதவீதம், இரண்டாவதில் 17.65 சதவீதம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளின் முடிவில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம்; கொடுக்காத பள்ளிகளில் 39.5 சதவீதம். வெயிலின் வெளிச்சமே இங்கே மருந்து என்று கருதுகிறார்கள். வராந்தாவின் நிழலில் உட்கார வைத்தால் அந்த வெளிச்சம் பெருமளவு குறைந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013-இல், இடைவேளையைத் தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ பிள்ளையிடமிருந்து பறிக்கக் கூடாது என்று கொள்கையாகவே அறிவித்தது.

நம் மாநிலத்தில் இடைவேளையில் நடந்த ஒரு கொடுமையை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில், இடைவேளை நேரத்தில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. எச்சரிக்கை என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது முதலில் கண்முன் வர வேண்டியது அந்தச் சுவர்தான். எங்கள் பிள்ளைகள் இப்போது ஓடி ஒளியும் சந்திலும் ஒரு பக்கம் பழைய மதில் சுவர் நிற்கிறது என்பதைக் கூட்டத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன்.

இரண்டாவது வழி, ஆசிரியர் நடத்தும் விளையாட்டு. இதில் எனக்கு மரியாதை உண்டு. நல்ல உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் விசிலோடு நின்றால், கிரிக்கெட் மட்டையோடு மைதானம் முழுவதையும் வளைத்துக்கொள்ளும் பத்துப் பையன்களின் ஆட்சி அன்றோடு முடியும். பெண் பிள்ளைகள் கோ-கோவுக்கும் எறிபந்துக்கும் வருவார்கள். கூச்சத்தால் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும் ஓர் அணியில் பெயர் கிடைக்கும். இது பெரிய நன்மை. ஆனால் அந்த ஆசிரியர் எங்கே? 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி போன்ற பாடங்களுக்கு மாதம் ₹5,000 தொகுப்பூதியத்தில் அரசு நியமித்தது. எங்கள் பள்ளியில் இருப்பவரும் பகுதிநேரம்தான், வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறார். வராத நாள்களில் வகுப்பாசிரியர்கள்தான் நிற்க வேண்டும். காலையிலிருந்து தொண்டை வறளப் பாடம் நடத்தியவர்கள் சாப்பிடுவதற்கும் அந்த நேரத்தை விட்டால் வேறு நேரமில்லை.

ஆள் கிடைத்தாலும் எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. தடை வருவதற்கு முன்பு ஒரு மதியம், கல்லா மண்ணா விளையாடிய ஒன்பது பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். சாட் பூட் த்ரீ போட்டு யார் பிடிப்பது என்று முடிவுசெய்ய இரண்டு நிமிடம் ஆனது. கையை மெதுவாகத் திருப்பி ஏமாற்றிய ஒருவனை மறுபடி போடச் சொன்னார்கள். கொடிமரத்தின் திண்ணை கல், அதைச் சுற்றியுள்ள தரை மண் என்று எல்லை வகுத்தார்கள். யாருடைய தம்பியோ, ஒன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நானும் வருவேன் என்று அழ, அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை, அவன் தொட்டாலும் அவுட் இல்லை. பெரிய பையன் ஒருவன் அவனருகே ஓடி வரும்போது வேகத்தைக் குறைத்து விலகிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். நடுவில் செருப்பு வார் அறுந்த பெண் விரலை மடக்கி டைம் கேட்டாள், கொடுத்தார்கள். எந்த ஆசிரியரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யார் சிறியவர், யாருக்கு எவ்வளவு சலுகை, எது நியாயம் என்பதையெல்லாம் அவர்களே பேசி, சண்டையிட்டு, ஒத்துக்கொண்டார்கள். விசில் வந்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும். நியாயம் கேட்க எல்லாரும் ஆசிரியரிடம் ஓடுவார்கள். உடற்கல்விப் பாடவேளை ஒரு பாடம். அதை ஒழுங்காக நடத்த வேண்டும். இடைவேளை பிள்ளையின் சொந்த நேரம். ஒன்று இன்னொன்றின் இடத்தை நிரப்பாது. ஆகவே உடற்கல்வி ஆசிரியர் வரும் நாள்களில் மைதானத்தின் ஒரு மூலையில், விரும்பி வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு விளையாட்டு நடத்தலாம் என்ற அளவில் இந்த வழியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வழிக்கு உலகம் முழுவதும் பெயர் வாங்கிக் கொடுத்தது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள ஸ்வான்சன் தொடக்கப் பள்ளி. மரம் ஏறக் கூடாது, மல்லுக்கட்டக் கூடாது என்பன போன்ற இடைவேளை விதிகளை அதன் தலைமையாசிரியர் புரூஸ் மெக்லாக்லன் நீக்கியதும், அடிதடி கூடும் என்று எதிர்பார்த்த இடத்தில் தொல்லைகள் குறைந்ததும் 2014-இல் செய்தித்தாள்களில் பரவலாக வந்தன. இதைப் படித்துவிட்டு, விதிகளைத் தூக்கி எறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் குழுவிலும் ஒருவர் சொன்னார். அந்த நாட்டில் 16 பள்ளிகளில் இரண்டு ஆண்டு நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வை முழுதாகச் சொன்னால்தான் நியாயம். விதிகளைத் தளர்த்தி, மைதானத்தில் சவால்களைக் கூட்டிய பள்ளிகளின் பிள்ளைகள், பள்ளியில் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் அதிகம் பேரோடு விளையாடுவதாகவும் சொன்னார்கள். தங்களைப் பிறர் தள்ளுவதும் இடிப்பதும் கூடியதாகவும் சொன்னார்கள். ஆனால் அதை ஆசிரியரிடம் போய் முறையிடுவது குறைந்திருந்தது. உடலியக்கத்தின் அளவிலும் உடல் எடையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆகவே விதிகளை எடுத்துவிட்டால் பிள்ளைகள் கூடுதலாக ஓடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள், சிறு உரசல்களைத் தாங்களே தீர்த்துக்கொள்வார்கள் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனாலும் அந்த வழியை இங்கே அப்படியே எடுத்துவர எனக்கு மனமில்லை. அங்கே விழுந்தால் புல்லில் விழுகிறார்கள். எங்கள் பள்ளியில் விழுந்தால் சரளைக் கல்லில், இல்லையென்றால் புதிய வகுப்பறை கட்டியபோது மிஞ்சிய ஜல்லியில். விதியை மட்டும் நீக்கித் தரையை அப்படியே விடுவது, தெரிந்த இடரையும் தெரியாத கேட்டையும் ஒரே மூட்டையாகப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதாகும். மல்லுக்கட்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஆண்டனி பெல்லெக்ரினி பள்ளி மைதானங்களில் நெடுங்காலம் பார்த்து எழுதியவை ஆசிரியர்களுக்கு நல்ல உதவி. விளையாட்டுச் சண்டையில் முகத்தில் சிரிப்பு இருக்கும், துரத்தியவனும் ஓடியவனும் இடம் மாறிக்கொள்வார்கள், முடிந்த பிறகும் ஒன்றாகவே இருப்பார்கள். உண்மைச் சண்டையில் முகம் இறுகியிருக்கும், அடித்துவிட்டுப் பிரிந்து போவார்கள். இந்த வேறுபாடு தெரிந்த ஆசிரியர் இரண்டையும் ஒரே பிரம்பால் நிறுத்த மாட்டார்.

நான்காவது வழிக்கு வருகிறேன். இதற்கு நான் நம்பும் மிக வலுவான சான்று கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வருகிறது. அந்நகரப் பள்ளிகளில் பாதுகாப்புத் தரத்துக்கு உட்படாத விளையாட்டுச் சாதனங்களை அகற்றித் தரமானவற்றைப் பொருத்தினார்கள். 2005-இல் வெளியான ஆய்வின்படி, அப்பள்ளிகளில் மாதத்துக்கு ஆயிரம் மாணவருக்கு 2.61 ஆக இருந்த காயங்கள் 1.68 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் மாற்றம் செய்யாத பள்ளிகளில் காயங்கள் சற்றுக் கூடின. பிள்ளைகளை யாரும் உட்கார வைக்கவில்லை. அதே நகரில் 2009-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, சாதனங்களின் கீழே மரச் சிராய் நிரப்பிய பள்ளிகளையும் கருங்கல் மணல் நிரப்பிய பள்ளிகளையும் ஒப்பிட்டது. விழுந்து கை முறிவது மரச் சிராய் இருந்த இடத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. விலை உயர்ந்த ரப்பர் விரிப்பு நமக்குக் கட்டுப்படியாகாது, மணல் கட்டுப்படியாகும். எங்கள் பள்ளியில் நீளம் தாண்டும் குழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் மணல் மழையில் இறுகி, மேலே அருகம்புல் படர்ந்து, சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கிறது. அதை வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டாலே ஐம்பது பிள்ளைகள் குதிக்க ஓர் இடம் கிடைத்துவிடும்.

உடற்கல்வி ஆசிரியரும் நானும் ஒரு மாலை மைதானத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தோம். பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத கேடுகளை மட்டும் குறித்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம். பழைய வாலிபால் கம்பத்தை அறுத்த இடத்தில், தரைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இரும்புக் குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. புல் வளர்ந்தால் எனக்கே தெரியாது. குடிநீர்த் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சமையற்கூடப் பக்கத்தில் பாசி பிடித்திருந்தது. சிறுவர் சறுக்குமரம் இறங்குமிடத்தில் மணலே இல்லை, சிமெண்டுத் தளம்தான்; தகட்டின் ஓரம் ஓரிடத்தில் கிழிந்து மேலெழும்பியிருந்தது. ஜல்லிக் குவியல், மூடியில்லாத கழிவுநீர்த் தொட்டி, அந்த மதில் சுவர், அடிகுழாய் மேடை. ஒரு மணி நேரத்தில் ஒன்பது இடங்கள். வேப்பமரத்தையும் புங்கமரத்தையும் நாங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. பட்டுப்போன கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்று மட்டும் குறித்தோம்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ₹50,000 வரை பள்ளி மானியம் உண்டு. விளையாட்டுப் பொருள்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு ₹5,000, நடுநிலைப் பள்ளிக்கு ₹10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ₹25,000 வரை தனியாக உண்டு. எங்கள் பள்ளியில் 190 பிள்ளைகள். ஒன்பது இடங்களில் ஐந்து இடங்களுக்குப் பெரும்பாலும் உடலுழைப்பே போதும். குழாயை அறுக்க ஒரு வெல்டர், மேடைக்கு ஒரு கொத்தனார், தொட்டிக்கு ஒரு மூடி. மதில் சுவருக்கு மட்டும் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், அதுவரை அந்தச் சந்துப் பாதையை அடைத்துவிட வேண்டும். விளையாட்டு மானியத்தில் ஆண்டுதோறும் கிரிக்கெட் மட்டையும் கேரம் பலகையும் வாங்குவதற்குப் பதிலாக, இவ்வருடம் தாண்டுகயிறுகள், டென்னிகாய்ட் வளையங்கள், பழைய லாரி டயர்கள், ஒரு வண்டி மணல் என்று வாங்கலாம். நாலு டயரைக் கொடுத்தால் பிள்ளைகள் நாற்பது விளையாட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

தரைக்கு அடுத்தது நேரம். எட்டாம் வகுப்புப் பையன் முழு வேகத்தில் ஓடிவரும் பாதையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை நிற்பதுதான் மோதலுக்குப் பெரிய காரணம். மதிய இடைவேளையில் ஒன்று முதல் மூன்று வரை உள்ளவர்கள் முதலில் சாப்பிட்டு முதலில் விளையாடவும், மற்றவர்கள் 20 நிமிடம் கழித்து இறங்கவும் ஏற்பாடு செய்தால், மைதானத்தில் ஒரே நேரத்தில் இருப்பவர்கள் ஏறக்குறைய பாதியாகிவிடுவார்கள். சத்துணவு வரிசையும் குறையும். கிரிக்கெட்டுக்கு மைதானத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. பெண் பிள்ளைகள் சுவரோரமாகவே நின்று வளர்வதற்கு அவர்களுடைய இயல்பைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஓட இடமே விடாமல் இயல்பைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. மார்ச் முதல் ஜூன் வரை வெயிலை மதிக்க வேண்டும். 2023-இல் வெயிலால் பள்ளி திறப்பையே ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த மாதங்களில் மதிய ஓட்டத்தை மர நிழலுக்கு மாற்றிக்கொண்டு, காலை இடைவேளையை 20 நிமிடமாக நீட்டலாம்.

மேற்பார்வைக்கு இரண்டு பேர் போதும் என்பது என் கணக்கு. அவர்கள் விசிலோடு சுற்றி வர வேண்டியதில்லை. கொடிமரத்தருகில் ஒருவர், கழிப்பறைப் பக்கம் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாள் பெற்றோர் உறுப்பினர்கள் அந்த இடத்தில் நிற்கலாம், ஆசிரியர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும். முதலுதவிப் பெட்டி இப்போது அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, சாவி ஒருவரிடம் மட்டும். அன்று அந்தப் பையனின் கைக்குக் கட்டை வைத்துக் கட்டத் தெரிந்தவர் எவரும் இல்லாமல், தொங்கிய கையோடு பைக்கில் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆசிரியர்களுக்காவது முதலுதவிப் பயிற்சி வேண்டும்.

இந்த வழியில் எதுவும் முறியாது என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற பிள்ளைகள் விழுவார்கள்; முழங்கால் சிராயும், எப்போதாவது ஒரு கை முறியும். அதனால்தான் காயக் குறிப்பேடு ஒன்று வைக்கச் சொல்கிறேன். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதன்மேல் விழுந்தார்கள் என்று மூன்று பத்திகள் போதும். மூன்று மாதத்தில் ஒரே இடம் இரண்டு முறை வந்தால் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியருக்கும் இது ஒரு பாதுகாப்பு. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், குழு தீர்மானம் போட்டு, மைதானத்தைச் சோதித்து, இன்னின்னவற்றைச் சரிசெய்தோம் என்று காட்ட அவரிடம் தாள் இருக்கும். இன்று அவரிடம் இருப்பது ஒரு தடை அறிவிப்பு மட்டும். மாடிப்படியில் ஒருவன் விழுந்தால் அது அவரைக் காப்பாற்றாது.

மைதானமே இல்லாத நகரத்துத் தனியார் பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு முழுதாகப் பொருந்தாது. அங்கே மொட்டை மாடியும் கார் நிறுத்தமும்தான் இடம். நேரத்தைப் பிரிப்பதும், தாண்டுகயிறும், பாண்டிக் கட்டமும்தான் அவர்களுக்கு உதவும். மைதானம் இருந்தும் பிள்ளைகளை உட்கார வைக்கும் எங்களைப் போன்ற பள்ளிகளுக்குத்தான் சாக்கு இல்லை.

கை முறிந்த பையனின் அம்மாவைப் போன வாரம் வீட்டில் போய்ப் பார்த்தேன். தடையைத் தொடரத்தான் சொல்வார் என்று நினைத்துப் போனேன். மாவுக்கட்டோடு மகன் திண்ணையில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் தங்கையோடு தாயம் உருட்டிக்கொண்டிருந்தான். அவர் சொன்னது இது: "ஓடட்டும்ணே, அவன உக்கார வச்சா வீட்ல இருக்கவே முடியல. ஆனா அந்தக் கொழாயடி மேடைய மொதல்ல ஒடைச்சுக் கட்டச் சொல்லுங்க. அது வரைக்கும் நான் அனுப்ப மாட்டேன்." வெள்ளிக்கிழமை நான் முன்வைக்கப்போகும் தீர்மானத்தின் வரிசை இதனால் மாறியிருக்கிறது. மேடை, இரும்புக் குழாய், கழிவுநீர்த் தொட்டி மூடி, ஜல்லி ஆகிய நான்கையும் சனி, ஞாயிறில் முடித்துவிட்டு, சந்துப் பாதையை அடைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தடையை நீக்குவதாக அறிவிக்க வேண்டும். மற்ற வேலைகள் மாத முடிவுக்குள். மேடைக்கு அரை நாள் வேலை, இரண்டு மூட்டை சிமெண்டு என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். விளிம்பை வளைவாக மழுக்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.